புதுப்பிப்பு: மஞ்சளாகும் போர் தண்ணீர்

போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது, வாளியில் வைத்தால் மஞ்சளாகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) வாங்கச் சொன்னீர்கள். சரி என்று வாங்கினேன், லிட்டருக்கு 640 மில்லிகிராம் காட்டியது. இந்தியத் தர அளவுப்படி 500க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். ஆக, பிரச்சினை அது இல்லை. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது, கிருமியையும் காட்டாது.

அப்புறம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். இரும்பு அதிகமாம். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்தே கிடக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் பிரியும். சாயக்கழிவு இல்லை (பக்கத்து வீட்டு அண்ணன் அடித்துச் சொன்னது அதைத்தான்).

ஆர்ஓ மெஷின் விற்க வந்தவரை அனுப்பிவிட்டேன். இரும்பு அதன் சவ்வை அடைத்துவிடும். போதாததற்கு, வீட்டு ஆர்ஓவில் பெரும்பாலும் பாதித் தண்ணீருக்கு மேல் வீண். மாடித் தொட்டிக்குள் விழும் குழாயில் ஷவர் மாட்டியிருக்கிறேன், தண்ணீர் காற்றில் சிதறி விழட்டும் என்று. கீழே மணல் வடிகட்டி. வெள்ளை வேட்டி இப்போது மஞ்சளாவதில்லை. கிருமிப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை குடிக்கக் கொதிக்க வைத்துத்தான்.