மறு: எட்சிங்குக்குத் தமிழ்ச்சொல் (அலுமினிய வெல்டிங் மாதிரி)

சூரமங்கலத்திலிருந்து:

> 'அமில அரிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

எட்சிங் என்பது மெருகேற்றிய உலோக மாதிரியைக் கரைசலில் முக்கி அதன் உள்ளமைப்பைக் கண்ணுக்குத் தெரியவைப்பது. அதற்கு 'அமில அரிப்பு' என்றால் இரண்டு இடத்தில் இடிக்கிறது ஐயா. 'அமிலம்' என்று கட்டிவிட்டால் காரம் வெளியே நின்றுவிடும். வெல்டின் குறுக்குவெட்டை வெறுங்கண்ணால் பார்க்க 10% காஸ்டிக் சோடா என்ற காரம்தான், 60–70 டிகிரி செல்சியஸில். அதில் படியும் கறுப்பை நைட்ரிக்கில் முக்கி எடுக்க வேண்டும்.

'அரிப்பு' அதைவிடச் சிக்கல். கெல்லர் கரைசல் என்ற அமிலக் கலவைக்கு அது பொருந்தும்: 95 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 2.5 நைட்ரிக், 1.5 ஹைட்ரோகுளோரிக், 1 ஹைட்ரோஃபுளோரிக். 10–20 நொடி முக்கி, வெந்நீரில் கழுவி, ஆல்கஹால் ஊற்றிச் சூடான காற்றில் உலர்த்துவது. (பிளாஸ்டிக் பீக்கர்தான், கடைசி அமிலம் கண்ணாடியைத் தின்னும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.)

ஆனால் மின்சாரம் செலுத்திச் செய்யும் பார்க்கர் (Barker) முறை? 200 மி.லி. நீரில் 4–5 மி.லி. ஃபுளோபோரிக் அமிலம், மாதிரியே ஆனோடு (நேர்மின்வாய்), 20 வோல்ட் டிசி, ஒரு நிமிடம்போல. அங்கே வேலை செய்வது மேலே ஏறும் ஆக்சைடு படலம். முனைவாக்கிய ஒளியில் உலோகத்தின் ஒவ்வொரு மணியும் (grain, படிகத்துகள்) ஒவ்வொரு நிறமாகத் தெரியும். அரிப்பே இல்லாததற்கு அரிப்பு என்று பெயரா?

அதனால் 'துலக்கல்', அதாவது மறைந்திருப்பதைத் துலங்கச் செய்வது. கரைசல் 'துலக்குநீர்'. வேதித்துலக்கல், மின்துலக்கல் என்று பிரித்தும் கொள்ளலாம். ஏற்காட்டு பாக்சைட்டில் மேட்டூர் அலுமினியம் வார்த்த பக்கம் இது. சொல்லையும் இங்கேயே வார்ப்போமே.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து:

> அதனால் 'துலக்கல்'

பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வருகிறது தம்பி. பட்டறைப் பையன் பாலிஷிங் என்றே எடுத்துக்கொள்வான். தனியாக எழுதாமல் எப்போதும் 'வேதி', 'மின்' முன்னொட்டோடு எழுதினால் சம்மதம்.

சொல்விளக்கத்தில் இதையும் சேருங்கள்: 6061-டி6 என்ற வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினியக் கலவையில் எவ்வளவு துலக்கினாலும், வெல்டிங் வெப்பம் தாக்கிய பகுதியின் வெளி எல்லை கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே மாறுவது மணியின் வடிவமல்ல, உலோகத்துக்கு வலுவூட்டும் நுண்துகளான மக்னீசியம்-சிலிசைடு வீழ்படிவு பருத்துப் போவது. உருகுகோட்டிலிருந்து (வெல்டு உருகி நின்ற எல்லை) வெளிநோக்கி 0.5 மி.மீ.க்கு ஒன்றாக விக்கர்ஸ் கடின அளவு எடுத்தால்தான் 105 அளவிலிருந்து 60–70-க்கு இறங்குவது தெரியும்.

கூடவே 'மிகைத்துலக்கல்' என்றொரு பதிவும் வேண்டும். கெல்லரில் அரை நிமிடம் விட்டால் விழும் குழிகளை வீழ்படிவு என்று எண்ணி அறிக்கை எழுதுகிறார்கள். திரும்ப ஊற வைத்துப் பயனில்லை. கடைசி பாலிஷிலிருந்து தொடங்க வேண்டும்.