ஒன் கட் ஆஃப் தி டெட்: முதல் 37 நிமிடத்தில் யாரெல்லாம் எழுந்து ஓடினீர்கள்?

இரவுக்காபி:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஜப்பான் ஜாம்பி படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம். கதை தெரிந்துவிட்டால் பாதிப் படம் போச்சு. பார்த்துவிட்டு வாருங்கள், இங்கேதான் இருப்போம்.

பார்த்தவர்களிடம் ஒரே கேள்வி. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? நிறுத்தவே இல்லை, முதல் தடவையே முழுசாகப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறாமையாக இருக்கும், ஏனென்றால் நான் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். முதல் முறை பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பாழடைந்த கட்டடம், ஜாம்பி படம் எடுக்க வந்த சின்னக் கூட்டம், டைரக்டர் கதாநாயகி முகத்துக்கு நேராக நின்று கத்திவிட்டுப் போகிறார், அப்புறம் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்று பேச ஆரம்பிக்கிறார்கள். மேக்கப் போடுகிற அம்மா தற்காப்புக் கலை என்று சொல்லி, பின்னாலிருந்து யாராவது பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்று 'போம்!' எனக் கத்திக் கையைத் தூக்கிக் காட்டுகிறார். பேச்சுக்கு நடுவில் அப்படி ஒரு அமைதி. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் வசனம் மறந்துபோய் நிற்பார்களே, அதே அமைதி. போய்யா என்று மூடிவிட்டேன்.

இரண்டாவது முறை இன்னும் கொஞ்ச தூரம் தாண்டினேன். ஓடிக்கொண்டிருந்த கேமரா திடீரென்று தரையில் விழுந்து அப்படியே கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எங்கேயோ கத்துகிறார்கள், நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அத்தோடு அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். இன்னும் சில நிமிடம் பொறுத்திருந்தால் போதும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மூன்றாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டோக்கியோ ரயில்:
நான் நிறுத்தவில்லை, ஆனால் அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. தியேட்டரில் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டேன். 2018-ல் வேலைக்காக அங்கே இருந்தேன். ஜூன் கடைசியில் டோக்கியோவில் வெறும் இரண்டு சின்னத் தியேட்டர்களில் வந்த படம் அது, ஷின்ஜுகுவில் ஒன்று, இகெபுகுரோவில் ஒன்று. ஆகஸ்டில் எங்கள் அலுவலகம் முழுக்க இதே பேச்சு. ஆனால் கதை என்னவென்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, 'போய்ப் பாருங்கள்' என்பார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள்: கடைசிவரை எழுந்து போகாதே, இந்தப் படம் இரண்டு முறை ஆரம்பிக்கும். எனக்கு அது புரியவில்லை. ஏதோ விளம்பர வசனம் என்று விட்டுவிட்டேன்.

அங்கே ஆங்கில சப்டைட்டில் கிடையாது. என் ஜப்பானிய மொழி என்3 (அந்த மொழித் தேர்வில் நடு நிலை) அளவுதான், பாதி வசனம் தலைக்கு மேலே போனது. கேமரா ஆடிய ஆட்டத்தில் வயிற்றைப் புரட்டியது வேறு. 37-வது நிமிடத்தில் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது, டிக்கெட் காசுக்கு இவ்வளவுதானா என்று பையைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் யாரும் அசையவில்லை. ஜப்பானில் பெயர்கள் முழுசாக ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பது வழக்கம், நானும் மரியாதைக்கு உட்கார்ந்தேன். அந்த மரியாதைதான் என்னைக் காப்பாற்றியது.

'ஒரு மாதத்துக்கு முன்' என்று திரையில் வந்தது. அதுவரை பார்த்தது டிவிக்காக நேரலையில் எடுத்த ஒரு ஜாம்பி நாடகமாம், அதை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் மீதிப் படம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், சத்தமே போடாத அந்த ஊர் ஆட்கள் இருக்கையைத் தட்டிச் சிரித்தார்கள். கடைசி அரை மணி நேரத்துக்கு எனக்கு மொழியே தேவைப்படவில்லை.

கிளாப் போர்டு:
சீரியலில் உதவி இயக்குநராக நாலு வருடம் குப்பை கொட்டியவன் பேசுகிறேன். நீங்கள் எல்லோரும் சிரித்த இடங்களில் எனக்கு வியர்த்தது.

அந்தப் பொழுதுபோக்குப் பேச்சு ஏன் அப்படி இழுக்கிறது? அடுத்து உள்ளே வர வேண்டிய நடிகர் குடித்துவிட்டு மட்டையாகிக் கிடக்கிறார், அதுவரை இங்கே பேச்சை வளர்த்தாக வேண்டும். அதுவும் நேரலை, வெட்டு இல்லாத ஒரே ஷாட். சவுண்டு பார்க்கிற ஆள் காரணமே இல்லாமல் வெளியே ஓடுகிறாரே, அது வயிற்றுப்போக்கு. ஒத்துக்கொள்ளாத தண்ணீரைக் குடித்துவிட்டார். கேமரா தரையில் கிடந்ததா, கேமராமேன் விழுந்து எழுந்திருக்க முடியவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓடுவது அவருடைய உதவியாளர் பெண், ஜூம் போடுவதற்கு எப்போதடா வாய்ப்பு வரும் என்று காத்திருந்தவள். அதனால்தான் அதற்குப் பிறகு கேமரா சட்டுச் சட்டென்று ஜூம் ஆகிறது. முதல் தடவை பார்க்கும்போது 'என்ன கேமராமேன்டா இவன்' என்று திட்டினேன். திட்டிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டைரக்டர் வேடத்தில் நடிக்க வேண்டியவர் வராததால் நிஜ டைரக்டரே கேமரா முன்னால் வந்து நிற்கிறார் இல்லையா. 'சீக்கிரம், மலிவு, தரம் சுமார்' என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற மனுஷன், ஒரு மாதம் அந்த ஹீரோவின் அலட்டலுக்கெல்லாம் தலையாட்டியவர், நடிக்கிற சாக்கில் அவனை ஒரு அறை விடுகிறார் பாருங்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் தனியாக.

எங்கள் செட்டில் ஒருமுறை கடைசி ஷாட்டுக்கு ஜிம்மி ஜிப் (கேமராவை உயரத்துக்குத் தூக்குகிற கிரேன்) வேலை செய்யவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேசை மேலே ஸ்டூல், ஸ்டூல் மேலே கேமரா உதவியாளர், கீழே தெர்மாகோலைப் போட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் அவன் காலைப் பிடித்துக்கொண்டோம். அவன் செருப்பு என் தோள்பட்டையில். புரொடக்‌ஷன் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்தார். ஷாட் ஓகே. டிவியில் வந்தது ஐந்து வினாடி. அதனால், கிரேன் உடைந்துபோய் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டி, உச்சியில் அப்பா தோளில் மகள் கேமராவோடு உட்காருகிற காட்சியில் நான் சிரிக்கவில்லை.

அரை டிக்கெட்:
எல்லோரும் தூக்கிவைத்து ஆடும்போது சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு இந்தப் படம் பாதிதான் பிடித்தது. பின்னால் சிரிக்கவைப்பேன் என்று சொல்லி முன்னால் 37 நிமிடம் கடன் வாங்குகிற படம் இது. வட்டியோடு திருப்பித் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் திருப்பித் தருவார்கள் என்று யாரோ வெளியே இருந்து சொன்னால்தானே கடன் கொடுப்போம்? எனக்கு அத்தை மகன் சொல்லியிருக்காவிட்டால் பத்தாவது நிமிடத்தில் போயிருப்பேன். 2004-ல் வந்த 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தில் ஊரே ஜாம்பியாகிவிட்டது தெரியாமல் ஹீரோ ஷான் தூக்கக் கலக்கத்தில் கடைக்கு நடந்து போவான், தரையில் ரத்தம் வழுக்கும், அப்போதும் தெரியாது. அந்தச் சிரிப்புக்கு யாரும் எனக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தர வேண்டியிருக்கவில்லை. நடுவில் வருகிற ஒத்திகைப் பகுதியும் எனக்கு இழுவை. கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் முழு மார்க்.

டோக்கியோ ரயில்:
@அரை டிக்கெட், நியாயம்தான். ஆனால் அந்த 37 நிமிடம் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் பின்னால் சிரிப்பு வருமா? இன்னொன்று, அதை நிஜமாகவே ஒரே ஷாட்டாக எடுத்திருக்கிறார்கள். ஆறு முறை முயன்றார்களாம். இயக்குநர் ஷினிச்சிரோ உவேடா, நடித்தவர்கள் அதுவரை யாருக்கும் தெரியாத ஆட்கள். என்பு செமினார் என்ற நடிப்புப் பயிற்சிப் பள்ளியின் பட்டறையில் உருவான படம் (அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு எலும்புதான் ஞாபகம் வந்தது, ஜாம்பி படத்துக்குப் பொருத்தம்). செலவு 30 லட்சம் யென், அன்றைய கணக்கில் நம் காசுக்கு இருபது லட்சம்கூட வராது. வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. எங்கள் மேனேஜர் ஒரு மாதம் எல்லா மீட்டிங்கிலும் இதையே உதாரணம் காட்டினார், அது தனிச் சித்திரவதை.

மழைக்கோட்டு:
நான் தலைகீழாகப் பார்த்தவள். 2022-ல் கேன்ஸ் விழாவைத் தொடங்கிவைத்த 'கூப்பே' என்ற பிரெஞ்சுப் படத்தை முதலில் பார்த்தேன், இதன் ரீமேக் என்றே தெரியாது. அதில் வருகிற ஜப்பானியத் தயாரிப்பாளர் அம்மாவை மிகவும் பிடித்துப்போனது. அப்புறம் மூலப் படத்தைப் போட்டால் அதே அம்மா, அதே வேடம்! ஆனால் எங்கே என்ன நடக்கப்போகிறது என்று எல்லாம் தெரிந்துவிட்டதால், முதல் 37 நிமிடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், அவர் எதையும் பார்க்காதவர், ரத்தம் தெறிக்கிற படத்துக்கு இவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று என்னைத்தான் பயத்தோடு பார்த்தார். சொல்லவும் முடியாது. வாயில் துப்பட்டாவை வைத்து அடைத்துக்கொண்டேன்.

இரவுக்காபி:
@மழைக்கோட்டு, உங்கள் வீட்டுக்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சரி, அம்மா கதை. ஜாம்பி என்றதும் 'பேய்ப் படமா, எனக்கு வேண்டாம்' என்றார். பேய் இல்லைம்மா, செத்தவன் எழுந்து வந்து கடிப்பான் என்றேன். 'அதுக்குப் பேர் என்னடா பின்னே?' பதில் சொல்ல முடியவில்லை. முதல் பகுதி முழுக்கக் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. கேமரா தரையில் விழுந்ததும் 'டிவி கெட்டுப்போச்சா?' என்று மட்டும் கேட்டார்.

அந்த டைரக்டர் வீட்டைக் காட்டியபோதுதான் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். மேக்கப் அம்மாவாக வந்தது டைரக்டரின் மனைவி, பழைய நடிகை, வேடத்துக்குள் போனால் வெளியே வரத் தெரியாததால் நடிப்பையே விட்டவர் என்று தெரிந்ததும், 'பாவம், எத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தாளோ' என்றார். கடைசியில் அவர் கோடாரியைத் தூக்கிக்கொண்டு யார் சொல்லியும் கேட்காமல் துரத்தியபோது அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. கோபுரம் கட்டுகிற இடத்தில் 'டேய், அந்தப் பொண்ணு விழுந்துடப் போறா' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டைரக்டரின் ஸ்கிரிப்டில் ஒட்டியிருந்த பழைய புகைப்படத்தில் அந்த மகள் சின்னப் பிள்ளையாக அப்பா தோளில் உட்கார்ந்திருப்பாளே, அதை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அம்மாதான்.

நேற்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தவரின் தோளை அப்பா தெரியாத்தனமாகப் பின்னாலிருந்து தொட்டுவிட்டார். 'போம்!' கரண்டியில் இருந்த மாவு முழுக்க அப்பா சட்டையில்.