நாய்க்கு இதய எக்கோ: மதுரை, நெல்லைப் பக்கம் எங்கே எடுக்கலாம்?

வணக்கம். எங்க லாப்ரடார் ராணிக்கு மண்ணீரலில் கட்டி. வயசு 9, எடை 31 கிலோ. ஊர் கோவில்பட்டி.

போன மாசக் கடைசியில் திடீர்னு சோர்ந்து படுத்துட்டா. ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. மறுநாளே தேறி வழக்கம்போல சாப்பிட்டா, ஆனா திரும்பவும் அதே மாதிரி வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு மருந்து கொடுத்தோம், கேட்கல. அப்புறம் வயித்து முடியை மழிச்சு அல்ட்ராசவுண்ட் பார்த்ததில்தான் 4 செ.மீ. கட்டி தெரிஞ்சது. வயித்துக்குள்ள ரத்தம் தேங்கல. நெஞ்சு எக்ஸ்ரேயும் தெளிவு.

சாதாரண ரத்தக்கட்டியா புற்றுநோயான்னு ஸ்கேனை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதாம். கட்டியில் ஊசி போட்டு சாம்பிள் எடுத்தா ரத்தம் கசியலாம்னு டாக்டர் தயங்குறார்; எனக்கும் அதுதான் சரின்னு படுது. புற்றுநோயா இருந்தா இதயத்திலும் இருக்கலாம்கிறதால, ஆபரேஷனுக்கு முன்னாடி இதயத்தின் வலது மேலறையிலும் கட்டி இருக்கான்னு எக்கோவில் பார்க்கச் சொல்றார். இங்கே இருக்கிற மெஷினில் அந்த வசதி இல்ல. மனுஷங்களுக்கான ஸ்கேன் சென்டர்களிலும் கேட்டாச்சு, நாயை எடுக்க மாட்டாங்களாம். சென்னை வரைக்கும் கொண்டுபோகப் பயமா இருக்கு, வழியில் கட்டி உடைஞ்சா உயிருக்கே ஆபத்து.

மதுரை, திருநெல்வேலி வட்டாரத்தில் நாய்க்கு எக்கோ எடுக்கிற கால்நடை டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?