ட்ரிஃப்ட் சாக்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களே,

கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறுபடகு) மீன்பிடிப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். வசந்தகாலக் காற்றில் சிறிய ஏரியில் கயாக் ஓரிடத்தில் நிற்காது. தூண்டிலை வீசிச் சுற்றி முடிப்பதற்குள் மீன் இருக்கும் இடத்தைத் தாண்டிவிடும். அந்த ஓட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்குள் விடும் கூம்புத் துணிப்பைதான் ட்ரிஃப்ட் சாக். வாய் அகலம், வால் குறுகல். வாயின் நான்கு வார்களும் ஒரு வளையத்தில் சேரும். வாயின் மேல்விளிம்பில் சிறு மிதவை, கீழ்விளிம்பில் சிறு எடை. கயாக்குக்கு 45 முதல் 60 செ.மீ. வாய்விட்டம் போதும்.

'இழுவைப்பை' என்று வைக்கலாமா?

* * *

இழுவை என்றதும் இழுவைமடியும் இழுவைப்படகும்தான் நினைவுக்கு வரும். மீனை அள்ளும் வலையோ என்று கேட்பார்கள்.

சிலர் சொல்லும் 'கடல் நங்கூரம்' அதைவிட மோசம். ஏரியில் கடல் ஏது என்பது இருக்கட்டும். நங்கூரம் அடித்தரையைப் பிடிப்பது. இந்தப் பை தரையைத் தொடவே கூடாது. நங்கூரத்துக்கு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுவது வழக்கம். அதே நினைப்பில் இதற்கும் 15 மீட்டர் விட்டால், காற்று சற்று ஓய்ந்ததும் பை தொய்ந்து இறங்கிப் பாசியிலோ மூழ்கிய மரக்கட்டையிலோ மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மீட்டரே போதும்.

'தடைப்பை' எப்படி?

* * *

தடை என்றால் நின்றுவிடும் என்று தோன்றும். நிற்காது. காற்றின் வேகம் இரட்டித்தால் கயாக்கைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பையின் எதிர்ப்போ, அது தண்ணீரில் நகரும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் கூடும். அதனால் காற்று ஏறினால் ஓட்டமும் ஏறத்தான் செய்யும், பை இல்லாதபோது இருப்பதைவிடக் குறைவாக. அதுவும் போதாதென்றால் பெரிய பைதான் வழி: 45-இலிருந்து 60 செ.மீ.க்கு மாறினால் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு.

வேலையைச் சுணங்க வைப்பதுதானே இது? 'சுணக்குப்பை' என்போம்.

* * *

சுணக்குப்பை நன்று. வாயில் நுழைகிறது, தவறான பொருளும் தரவில்லை.

விளக்கக் குறிப்பில் எங்கே கட்டுவது என்பதையும் சேருங்கள். அணியத்திலோ (முன்முனை) பின்முனையிலோ கட்ட வேண்டும், நடுப்பக்கத்தில் கூடாது. பக்கவாட்டில் கட்டினால் கயாக் அலைக்குக் குறுக்காகத் திரும்பும். காற்று ஒருபுறம் தள்ள, கயிறு மறுபுற விளிம்பைக் கீழே இழுக்கும். பலத்த காற்றில் கவிழ்வதற்கு அதுவே போதும். உட்கார்ந்த இடத்திலிருந்து முனையை எட்ட முடியாதென்பதால், பக்கவாட்டில் இரு கப்பிகளுக்கிடையே ஓடும் கயிற்று வளையத்தில் மாட்டி முனைக்குத் தள்ளுவார்கள். அதற்கு 'ஓடுகயிறு' போதுமென்று நினைக்கிறேன்.

மாட்டும் இடத்தில் ஒரே கையால் கழற்றக்கூடிய கொக்கி வேண்டும், முடிச்சு கூடாது. வசந்தத்தில் வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் சில்லென்றே இருக்கும். விறைத்த விரல்களால் நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

* * *

ஒன்று விட்டுப்போயிற்று. பையின் வாலில் தனியாக ஒரு மெல்லிய கயிறு இருக்கும். அதை இழுத்தால் வால் முன்னால் வந்து தண்ணீர் கொட்டிவிடும். பை துணியாகச் சுருங்கிக் கைக்கு வரும். முதன்மைக் கயிற்றைப் பிடித்து இழுப்பவர் பை நிறையத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறார். பெரிய மீன் மாட்டினால் இந்த வால்கயிற்றைத்தான் முதலில் இழுக்க வேண்டும், இல்லையேல் மீன் தூண்டில் நரம்பைக் கொண்டுபோய்ப் பையில் சுற்றிவிடும்.

'கவிழ்கயிறு' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரிடம் "கவிழ்கயிற்றை இழு" என்று சொல்ல வேண்டுமா? 'வால்கயிறு' என்றே இருக்கட்டும்.