பில் இல்லாத பருத்தி விதை: போட்டால் தப்பா?

கொங்கணாபுரத்துக்காரன்:
வணக்கங்க. எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காடு, பருத்திதான் வெள்ளாமை. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. போன வருடம் மூன்றாம் களையை நானும் அம்மாவுமே வெட்டினோம். அம்மாவுக்கு இடுப்பு வலி இன்னும் விடவில்லை. இப்போது ஒருவர், "மருந்தடித்தால் களை மட்டும் கருகும், பருத்தி சாகாது" என்று ஒரு பாக்கெட்டை நீட்டுகிறார். லேபிள் இல்லை, பில்லும் இல்லை. கேட்டால், "எந்த விதையும் போடலாம், 2001 சட்டம் விவசாயிக்குக் கொடுத்த உரிமை" என்கிறார். நிஜமாங்க?

ஆத்தூர் பண்ணையம்:
எங்கள் பக்கம் போட்டிருக்கிறார்கள். யாரும் வந்து கேட்கவில்லை.

விதைச்சான்று (ஓய்வு):
தம்பி, கேட்கவில்லை என்பது வேறு, அனுமதி என்பது வேறு. உங்களிடம் பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி உங்கள் காட்டில் விளைந்த விதையைச் சேர்த்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு போடாமல் விற்கவும் செய்யலாம். நல்ல உரிமை அது, விட்டுவிடக் கூடாது. ஆனால் அவர் சொல்கிற, களைக்கொல்லி அடித்தும் சாகாத பருத்தி மரபணு மாற்றியது. அப்படிப்பட்ட விதைக்குத் தனிக் கதவு இருக்கிறது: 1986 சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். டெல்லியில் உள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு சரி என்று சொல்லாமல் அது வயலுக்கு வரக்கூடாது. காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இல்லை. பிடி கத்தரியை 2009இல் அந்தக் குழுவே ஏற்றும், 2010 பிப்ரவரியில் அமைச்சர் நிறுத்தி வைத்தார். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் உழைத்த பயிர் அது! அதற்கே அப்படி என்றால், பெயரில்லாத பாக்கெட்டை எப்படி நம்புவது?

அப்புறம், இந்த மாதிரிப் பருத்தியில் அடிக்கிற களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். பருத்திக்கு இல்லை.

எனக்குப் பெரிய கவலை பில்தான். விதை பொய்த்தால் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்லும் லேபிளும் இல்லாமல் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? முளைக்காத வயலோடு வந்து அழுத எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான்.

கொங்கணாபுரத்துக்காரன்:
புரிந்ததுங்க ஐயா, பாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் களைக்கு என்ன செய்ய?

விதைச்சான்று (ஓய்வு):
வேளாண் பொறியியல் துறையில் பவர் வீடருக்கு (களையெடுக்கும் சின்ன வண்டி) மானியம் உண்டு, சிட்டா அடங்கலோடு போய்க் கேளுங்கள். இந்த முறை பார் இடைவெளியை வண்டி நுழைகிற மாதிரி விட்டு ஊன்றுங்கள். செடியடிக் களையைக் கையால்தான் எடுக்கணும், ஆனால் அம்மாவை இறக்காதீர்கள்.