புறக்கோள் தேடலில் நம் கண்ணுக்கு வேலை இருக்கிறதா?

கேள்வி:
புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் பொதுமக்கள் தேடும் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். ஒரு விண்மீனின் ஒளி அளவு புள்ளிகளாக வருகிறது, கோள் ஒன்று குறுக்கே போய் விண்மீனை மறைத்தால் ஒளி குறைந்து பள்ளம் விழும், அப்படி எங்கேயாவது தெரிந்தால் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். கணினியே செய்யக்கூடிய வேலைதானே, இதற்கு நான் எதற்கு? இயற்பியல் படித்தவனும் இல்லை, தப்பாகக் குறித்து ஆய்வைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
கெடுக்க முடியாது, பயப்படாமல் குறியுங்கள். ஒரே வரைபடத்தைப் பலர் பார்ப்பார்கள், எல்லோர் குறிப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. நடுநடுவே செயற்கையான பள்ளங்களும் வரும், அதைக் கவனித்தீர்களா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள், கண் தானாகப் பழகிவிடும்.

கணினி பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் பள்ளத்தைத்தான் தேடும். டெஸ் வானத்தை ஏறக்குறைய 27 நாள் துண்டுகளாகப் பார்க்கிறது, நீண்ட சுற்றுக்காலம் உள்ள கோள் ஒரு துண்டில் ஒருமுறை மறைத்தாலே பெரிது. அங்கேதான் மனிதக் கண் ஜெயிக்கிறது. இந்தத் திட்டத்தின் முதல் கோளான டிஓஐ-813 பி தன் விண்மீனைச் சுற்ற 84 நாள் எடுக்கிறது, அதை அடையாளம் கண்டவர்கள் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான்.

பதில் 2:
பழைய பிளானட் ஹன்டர்ஸில் கெப்லர் என்ற முந்தைய விண்வெளித் தொலைநோக்கியின் தரவைப் பார்த்தவர்கள் 2012-இல் நான்கு விண்மீன்கள் கொண்ட அமைப்பில் ஒரு கோளைப் பிடித்தார்கள், கண்டவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது! ஆனால் ஒன்று, இன்னொரு பூமியைத் தேடி உட்காராதீர்கள். சூரியன் மாதிரி விண்மீனை வியாழன் அளவுக் கோள் மறைத்தால் ஒளி சுமார் 1% குறையும், பூமி அளவு என்றால் 0.01%கூடக் குறையாது, அது இரைச்சலில், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தில், மூழ்கிவிடும். அப்புறம், பள்ளம் ஆங்கில 'வி' மாதிரி கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள், பல நேரம் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருக்கும்.

கேட்டவர்:
சரி, தைரியம் வந்துவிட்டது. சின்னத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்யலாமா?

பதில் 3:
தாராளமாக. நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் பாருங்கள். அங்கே புதுக் கோள் தேடுவதில்லை, தெரிந்த கோள் அடுத்து எப்போது மறைக்கும் என்ற நேரத்தைத் துல்லியமாக்குகிறார்கள். கணக்கில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும், நாளடைவில் ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கியின் நேரம் வெறும் காத்திருப்பிலேயே வீணாகும். நீங்கள் அளந்து அனுப்பும் ஒரு நல்ல மறைப்பு அந்தப் பிழையைக் குறைக்கும். வானம் மூடியிருக்கும் நாட்களில் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்களை அவர்களிடம் கேட்டுப் பெற்று எக்ஸோடிக் மென்பொருளில் அளக்கலாம், முதலில் அதில் கை பழகிக்கொள்ளுங்கள்.