மாமரத்து வீடு குழு: முன் இடது ஸ்பீக்கர்

சனிக்கிழமை

செந்தில்: காரில் முன்பக்க இடது கதவு ஸ்பீக்கர் ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து மூச்சே இல்லை. கடையில் காட்டினேன், நான்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார்கள். பெரியப்பா, என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா: ஒன்று பேசாததற்கு நான்கை மாற்றுவானேன்? கதவைக் கழற்றிப் பார்த்தார்களா?

செந்தில்: இல்லை. பாட்டைப் போட்டார்கள், காது கொடுத்தார்கள், விலை சொன்னார்கள்.

கதிர்: மாற்றிவிடுங்கள் அத்தான். அப்படியே பின்னால் ஒரு சப்வூஃபரும் வைத்துவிடலாம்.

மீனா அத்தை: கதிர், நீ தெருமுனையில் திரும்பும்போதே நம் வீட்டு ஜன்னல் அதிர்கிறது. ஊருக்கு அது போதும்.

பெரியப்பா: செந்தில், ஸ்டீரியோவில் இடம் வலம் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளு. முன் பின் பிரிக்கும் ஃபேடரை முழுக்க முன்னால் கொண்டுவா. மற்ற மூன்றும் அடங்கிவிடும். அந்த ஒன்றில் என்ன வருகிறது என்று கேட்டுச் சொல்.

செந்தில்: ஒன்றுமே வரவில்லை.

மீனா அத்தை: அதெப்படி? இன்று காலை கோயில் வாசலில் நான் இறங்கும்போது அந்தக் கதவில் நாதஸ்வரம் நன்றாகக் கேட்டதே.

செந்தில்: பின்னாலிருந்து வந்திருக்கும் அத்தை.

மீனா அத்தை: எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. கதவைத் திறந்ததும் முழங்காலுக்குப் பக்கத்திலேயே சத்தம் வந்தது. சாத்தியதும் நின்றுவிட்டது.

பெரியப்பா: மீனா சொல்வதைத் தள்ளாதே. பாட்டு ஓடும்போது கதவை மெதுவாகத் திறந்து மூடு.

செந்தில்: அட! பாதி திறந்தால் பாடுகிறது. முழுக்கச் சாத்தினால் ஊமை.

பெரியப்பா: அப்படியானால் ஸ்டீரியோ பிழைத்தது. ஸ்பீக்கரும் அநேகமாகப் பிழைத்தது. கதவின் கீல் பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகிறதே, கதவுக்குப் போகும் வயர் எல்லாம் அதற்குள்தான். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகும். முதலில் வந்த கரகரப்பும் இதனால்தான்.

கதிர்: மாமா, வயர் தேடுவானேன்? ஸ்பீக்கரின் மைனஸைக் கதவு இரும்பிலேயே கொடுத்துவிட்டால்? விளக்குக்கெல்லாம் அப்படித்தானே இருக்கிறது?

பெரியப்பா: யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். இந்தக் கால ஸ்டீரியோவில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே மின்சாரம் உண்டு. காரின் இரும்பு பாடியிலிருந்து அளந்தால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். ஒன்றை இரும்பில் தொடுத்தால் ஸ்டீரியோவுக்குள் ஒலியைப் பெருக்கும் சிப், அதாவது ஆம்ப்ளிஃபயர் ஐசி, போய்விடலாம். ஐசி போனால் நான்கு ஸ்பீக்கரும் ஊமைதான்.

ஞாயிற்றுக்கிழமை

செந்தில்: கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த திருகை எடுத்ததும் கதவுப் பலகை வந்துவிட்டது. கிளிப் ஒன்றுகூட உடையவில்லை. ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டேன். 'டப்' என்று கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பு, வெளியே குதித்தது.

பெரியப்பா: செல்லின் பிளஸ் தொட்ட முனையில் அடையாளம் போட்டுக்கொள். கோன் வெளியே வந்தால் அதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது?

செந்தில்: 3.6 ஓம். முதுகில் 4 என்று அச்சிட்டிருக்கிறது. குறைகிறதே?

பெரியப்பா: அதுதான் சரி. முதுகில் இருப்பது பாட்டின் மாறுமின்சாரத்துக்கான கணக்கு. மீட்டர் நேர்மின்சாரத்தில் அளக்கிறது, கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அறுந்திருந்தால் எண்ணே வராது. இப்போது விரல்களால் கோனைச் சமமாக அழுத்து. உரசுகிறதா?

செந்தில்: இல்லை, தடையில்லாமல் போய் வருகிறது. ஓரத்தில் மட்டும் தண்ணீர்க் கறை.

பெரியப்பா: கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள்தான் இறங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்தால் காகிதக் கோன் ஊறிப்போகும். தாளைச் சரியாக ஒட்டு. கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கும், சேறு அடைத்திருந்தால் குத்திவிடு.

அம்மா: சாப்பாடு ஆறுகிறது. கதவு எங்கும் போய்விடாது, வா.

பெரியப்பா: சாப்பிட்டுவிட்டு பேட்டரியின் மைனஸைக் கழற்று. அதே ரப்பருக்குள் கண்ணாடி மோட்டார், பூட்டு வயர்களும் போகின்றன.

செந்தில்: கழற்றிவிட்டு ரப்பரை ஒதுக்கிப் பார்த்தேன். நீல வயரின் உறையில் கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு விரலால் இழுத்தால் ரப்பர் பேண்டுபோல நீள்கிறது. உள்ளே செம்பு இல்லை!

பெரியப்பா: அதுவேதான். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றாதே, அந்த மடிப்பில் மறுபடி அறும். பல இழை கொண்ட மெல்லிய செம்பு வயர், 0.75 சதுர மில்லிமீட்டர் போதும், ரப்பர் வழியாகப் புதிதாகக் கோத்துவிடு. இணைப்பு ஒன்று கதவுக்குள், மற்றொன்று டேஷ்போர்டுக்கு அடியில். மடங்கும் இடத்தில் இணைப்பே வரக்கூடாது. ஈயப் பற்றுவைத்து (சால்டர்), சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு.

செந்தில்: ஸ்டீரியோ பக்கம் வெள்ளை ஒன்று, கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஒன்று. எது எது?

பெரியப்பா: வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோதானே? வெள்ளை ஜோடி முன் இடது. கோடு உள்ளது மைனஸ். மாற்றிக் கொடுத்தாலும் பாடும், ஆனால் இடது கோன் வெளியே வரும்போது வலது கோன் உள்ளே போகும். தவில் அடி மெலிந்துவிடும். பிறகு பாஸை, அதாவது அடிக்குரல் ஒலியை, கூட்டிக் கூட்டிப் பார்த்து ஸ்டீரியோவைத் திட்டுவாய்.

செந்தில்: கோத்துவிட்டேன். சாத்தினாலும் பாடுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவையும் பார்த்துவிடவா?

பெரியப்பா: கட்டாயம் பார். அதிகம் திறந்து மூடுவது அதைத்தான். பலகையைக் கழற்ற வேண்டாம், ரப்பரை மட்டும் ஒதுக்கு.

செந்தில்: ஒரு தடித்த வயரில் உறை வெடித்துச் செம்பு பளபளக்கிறது. கண்ணாடி மோட்டாருக்குப் போவது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: அது பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும். பேட்டரியை மாட்டிவிட்டாய் அல்லவா? மறுபடி கழற்று. அதை இன்றே முடித்துவிடு.